நழுவும் தோளுக்குக் கட்டு எதற்கு?

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் மாட வீதிகளில் புறப்பாடு கண்டருளுவது ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள்மேல்தான். தண்டு அழுந்தி அழுந்தி, கழுத்தும் தோளும் சேருமிடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போவது அந்தக் கைங்கரியத்தின் அடையாளம். கோயிலுக்குக் கிழக்கே, கடற்கரைக் குப்பங்களில் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளுவதற்கும் வலையை இழுப்பதற்கும் தோள்தான் முதல். 1973இல் தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழிக்கும்வரை பைகிராப்ட்ஸ் ரோட்டில், இன்றைய பாரதி சாலையில், ஆளை ஏற்றிக்கொண்டு ஓடியவர்களும் தோளை நம்பிப் பிழைத்தவர்களே. இப்படிப்பட்ட பேட்டையில் தோள்மூட்டு பிசகுவது என்றைக்கும் புதிதல்ல. பிசகினால் எங்கே போவது என்பதற்கும் நெடுநாளாகவே மூன்று வழிகள் இருந்தன: நீவி இழுத்துப் பொருத்தும் கைராசிக்காரர், ரயிலேறிப் போனால் புத்தூர் கட்டு, இல்லையென்றால் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. இந்த மூன்று வழியும் அடிபட்டு விலகிய தோளை மனத்தில் வைத்தே வளர்ந்தவை. ஆனால் அடிபடாமலே, பெரும்பாலும் வலியில்லாமலே, உடையவன் நினைத்தபோது நழுவி, நினைத்தபோது திரும்பிவரும் தோள் ஒன்று உண்டு. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் அதைக் காணலாம். அதற்குக் கட்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். அதை இனங்கண்டு சொல்ல வேண்டியவர் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர். மூட்டு வைத்தியத்தின் வரலாற்றைப் புரட்டினால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது என்பது என் வாதம்.

பழைய நூல்களிலிருந்தே தொடங்கலாம். சுசுருத சங்கிதை எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் வேறுவேறாகப் பிரித்து, விலகலை மட்டும் ஆறு வகையாகச் சொல்கிறது. தோள்மூட்டு விலகினால் உலக்கையை அக்குளில் கொடுத்து மேலே தூக்கிப் பொருத்தி, பிறகு குறுக்கும் நெடுக்குமாகச் சுவஸ்திக வடிவில் கட்டச் சொல்கிறது. கிரேக்கத்தில் ஹிப்போக்ரடீசின் மூட்டு நூல் அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறையை விவரிக்கிறது. உலக்கையும் குதிகாலும் செய்யும் வேலை ஒன்றே. கிண்ணத்தை விட்டு இறங்கிய எலும்புத் தலையைத் திரும்ப மேலேற்ற ஓர் ஊன்றுகோல் வேண்டும். இந்த ஒற்றுமையை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே கிரேக்க நூலில் அதிகம் பேசப்படாத இன்னொரு குறிப்பு இருக்கிறது. மனித உடல்வாகுக்கு ஏற்ப மூட்டுகள் வேறுபடும், சிலருக்குத் தசைநார்கள் இயல்பிலேயே நெகிழ்ந்திருக்கும், அப்படிப்பட்டவர்கள் வலியில்லாமல் தாமே மூட்டைக் கழற்றி வலியில்லாமல் தாமே பொருத்திக்கொள்வதைப் பார்க்கலாம் என்கிறது அது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் தெளிவாகக் கண்ட விஷயம் இது. கண்டவர் அதற்கென்று தனி வைத்தியம் எதையும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் குதிகாலை எடுத்துக்கொண்டார்கள், அந்தக் குறிப்பை விட்டுவிட்டார்கள். தொழில் என்பது வாசலில் வலியோடு வந்து நிற்பவரைப் பார்த்து வளர்வது. வலியில்லாத தோளைக் காட்டிக்கொண்டு அன்றைக்கு யாரும் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

தமிழர்களிடையே எலும்பு வைத்தியம் ஒரே கிளையாக வளரவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்தில் அது வர்மத்தோடு பின்னி, களரியில் அடிபட்டவனைத் தேற்றும் ஆசானின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முறிவு நெரிவு வைத்தியம் என்று பெயர். சென்னைக்கோ எலும்பு வைத்தியம் என்றாலே புத்தூர். இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்தப் புத்தூர், 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆற்காட்டோடும் கார்வேட்நகர் ஜமீனோடும் சேர்ந்த ஊர். சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் அது இருப்பதும் அதன் புகழுக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முறிந்த கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வைத்தியம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜு குடும்பம் ஒன்றில் தொடங்கியதாக வழிவழியாகச் சொல்வார்கள். கட்டுப் போடும் முறை பார்க்கத் தக்கது. முதலில் விரல்கள் எலும்பின் ஓட்டத்தைத் தடவிப் பார்க்கும். எங்கே படி விழுந்திருக்கிறது, எங்கே வீக்கம் இறுகியிருக்கிறது என்பதைத் தொட்டே கண்டுபிடிக்கும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் முனைகளைச் சேர்ப்பார். அதன்மேல் பச்சிலை அரைப்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்து, மறுபடி துணியால் இறுக்குவார்கள். வெள்ளைக்கரு காய்ந்ததும் துணி விறைத்து ஓடு மாதிரி ஆகிவிடும். பச்சிலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், காய்ந்த அந்த ஓடு எலும்பை அசையாமல் பிடித்தது என்பதில் சந்தேகமில்லை. மாவுக்கட்டு செய்வதும் அதையேதான்.

கட்டுக்காரர்களைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. எலும்பு வைத்தியர்களிடம் மருத்துவம் கற்றுக்கொண்டது உண்டு என்பதற்கு மேலை நாட்டு வரலாறே சாட்சி. 1867இல் லண்டனில் சர் ஜேம்ஸ் பேஜட் தம் மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரையின் பொருளே, எலும்பு கட்டுபவர்கள் குணப்படுத்தும் நோய்கள் எவை என்பதுதான். டாக்டர்கள் கைவிட்ட மூட்டை இவர்கள் அசைத்துச் சரிசெய்வது உண்மை, அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நான்கே ஆண்டுகள் கழித்து வார்ட்டன் ஹூட் என்ற டாக்டர் அந்தக் கைமுறைகளைப் புத்தகமாகவே எழுதினார். நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான லிவர்பூல் ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியக் குடும்பத்தின் வாரிசு. முறிந்த தொடைக்கு இன்றும் பயன்படும் தாமஸ் சட்டம் அவர் பெயரால் வழங்குவது. ஆனால் இதே வரலாறு எச்சரிக்கவும் செய்கிறது. அங்கே கைத்தொழில் மருத்துவத்துக்குள் நுழைந்தது, விளைவுகள் எழுதிவைக்கப்பட்டன, தவறியவை விவாதிக்கப்பட்டன. இங்கே அது நடக்கவில்லை. இறுக்கிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துப்போனதையும், முன்கைத் தசை செத்துக் கை வளைந்துபோனதையும், பொருந்தாத மூட்டை மாதக்கணக்கில் நீவி அதைச் சுற்றி எலும்பு வளர்ந்துவிட்டதையும் அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுகள் தொடர்ந்து பார்த்து வந்திருக்கின்றன. கட்டியவருக்கு அந்தச் சேதி திரும்பிப் போகாது. குணமானவர் நன்றி சொல்ல வருவார். கை போனவர் வேறு வாசலுக்குப் போய்விடுவார். அதனால் கட்டியவர் தம் தவறிலிருந்து கற்றுக்கொள்ள வழியே இல்லாமல் போனது.

இதற்குக் கைத்தொழிலாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தபோது மேலைமுறை படித்தவர்களுக்கு மட்டும் பதிவேட்டில் இடம் கிடைத்தது. எதிர்ப்பு எழுந்தது, 1921இல் சுதேச மருத்துவத்தை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் முகமது உஸ்மான், தி. நகர் உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்தவர். செயலர் கேப்டன் சீனிவாசமூர்த்தி. 1923இல் வெளியான அறிக்கை ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அறிவியலே என்று வாதாடியது. அதன் பயனாகச் சில ஆண்டுகளில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. ஆனால் அந்த விசாரணை நடந்த முறையைப் பாருங்கள். கேள்வித்தாள் அனுப்பினார்கள், வைத்தியர்கள் எழுத்தில் பதில் தந்தார்கள், சாத்திர நூல்கள் ஆதாரமாயின. சுவடி வைத்திருந்தவருக்கு அது ஏற்ற மேடை. விரல் நுனியில் அறிவை வைத்திருந்த எலும்பு கட்டுபவருக்கு அங்கே பேச என்ன இருந்திருக்கும்? சுதேச மருத்துவம் கல்லூரிக்குள் போனது, கட்டுக்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார். பதிவு பெறாத பாரம்பரிய வைத்தியர் தொழில் செய்ய முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், புத்தூர் கட்டுப் பலகைகள் சென்னைத் தெருக்களில் தொங்கத்தான் செய்கின்றன. தேவை இருக்கிறது, அதனால் தொங்குகின்றன.

மறுபக்கத்தில் ஆஸ்பத்திரியும் தன் பாதையில் போனது. 1911இல் வந்த ராயப்பேட்டை மருத்துவமனை திருவல்லிக்கேணிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அமைந்தது. 1934இல் பொது மருத்துவமனையோடு சேர்ந்த பார்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. எக்ஸ்ரே வந்ததும் எலும்பைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. முறிவு இருக்கிறதா இல்லையா என்பதற்குப் படமே தீர்ப்பு. அடிபட்ட தோளுக்கு இது பெரிய வரம். தானாக நழுவும் தோளுக்கோ இதனால் ஒரு புது இடர் வந்தது. படம் எடுக்கும் நொடியில் அந்த மூட்டு தன் இடத்தில் இருக்கும். படத்தில் ஒன்றுமில்லை என்று எழுதித் தருவார்கள். பிள்ளையின் தோள் வெளியே வந்து போவதைக் கண்ணால் கண்ட பெற்றோருக்கு அந்தச் சீட்டு பொய்யாகத் தெரியும். அவர்கள் கட்டுக்காரரிடம் போவதில் என்ன வியப்பு? இடையில் இருந்தவர் எல்.எம்.பி. டாக்டர். குறுகிய காலப் படிப்பு படித்து, பேட்டைக்குள்ளேயே உட்கார்ந்து, மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லி அறிந்தவர். 1946இல், இந்திய மருத்துவச் சேவையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை எல்லோருக்கும் ஒரே பட்டப்படிப்பு என்று பரிந்துரைத்த பின் அந்த வகுப்பு மெல்ல மறைந்தது. தரம் உயர்ந்தது என்பது உண்மை. வீட்டை அறிந்த டாக்டர் குறைந்துபோனார் என்பதும் உண்மை. நான் பேசும் தோளுக்கு எக்ஸ்ரேயைவிட அந்த அறிமுகம்தான் அதிகம் உதவும்.

நழுவும் தோளை மருத்துவம் மறந்த காலத்திலும் தெரு மறக்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் தொம்மரர் என்ற கூத்தாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கழைமேல் நடப்பதும் உடலை வளைத்து வித்தை காட்டுவதும் அவர்கள் பிழைப்பு. 1901இல் தலச்சேரிப் பக்கம் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிய பள்ளியில் வளைந்த உடல்கள் சர்க்கஸ் கூடாரங்களுக்குப் போயின. இவர்களுக்கு நெகிழ்ந்த மூட்டு நோயல்ல, முதலீடு. எந்தப் பிள்ளையின் மூட்டு எவ்வளவு வளையும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்த கண் அவர்களுடையது. அந்தக் கண்ணில் ஓர் அறிவு இருந்தது. கொடுமையும் இருந்தது. சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைப்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது சரியே. ஆனாலும் அவர்கள் அறிந்திருந்த ஒன்றை மருத்துவம் மெதுவாகவே கற்றது. மூட்டு வெளியே வருவது எல்லா உடலிலும் விபத்தல்ல. சில உடல்களில் அது பழக்கம்.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தோள்மூட்டு நம் உடலிலேயே அதிகம் சுழலும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக அதன் கிண்ணம் மிக ஆழமற்றது, சின்ன அகலின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போல. பழம் உருளாமல் இருப்பதற்கு அகலைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு விளிம்பு, அதைப் போர்த்தி ஒரு பை, வெளியே சுற்றிலும் சிறு தசைகள், இவையெல்லாம் சேர்ந்து பிடிக்கின்றன. விழுந்து அடிபட்டு விலகும்போது விளிம்பு கிழிகிறது, எலும்புத் தலையில் பள்ளம் விழுகிறது. அது காயம். மற்ற வகையில் ஒன்றும் கிழிவதில்லை. பை பிறவியிலேயே தளர்ந்திருக்கும், சில பெரிய தசைகள் முறைதவறி இழுக்கும், பிடிக்க வேண்டிய சிறு தசைகள் அந்த நொடியில் சும்மா இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கையை முன்னால் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்பக்கம் திருப்பி, மார்புக்குக் குறுக்கே கொஞ்சம் கொண்டுபோகிறான் என்று வையுங்கள். தோளின் முன்பக்கம் தட்டையாகும், பின்பக்கம் ஒரு முண்டு எழும். கையைப் பக்கவாட்டில் விரித்தால் ‘டொக்’கென்று உள்ளே போகும். முகத்தில் வலியின் சுளிப்பு இருக்காது. பெரும்பாலும் மறுதோளிலும் அதே. இப்படி வருவது அநேகமாகப் பின்புற நழுவல். கீழே விழுந்து விலகும் தோளோ பெரும்பாலும் முன்புறமாக இறங்கும். அந்த வேறுபாடே பாதி நோயறிதல். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் பின்னால் செங்குத்தாக வளைகிறதா, முழங்கையும் முழங்காலும் எல்லை மீறிப் பின்வளைகின்றனவா, முட்டி மடக்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா என்று பார்ப்பதற்கு ஒன்பது மதிப்பெண் கொண்ட பெய்ட்டன் அளவுகோல் உண்டு. 1973இல் வந்தது. இரண்டு நிமிட வேலை, ஒரு கருவியும் வேண்டாம்.

அதே 1973இல்தான் பாஸ்டனில் கார்ட்டர் ரோவும் அவர் உடனிருந்தவர்களும், தாமே தோளைக் கழற்றும் 26 பேரைத் தசை மின்பதிவோடும் மனநல ஆய்வோடும் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். மனத்துயரில் சிக்கியிருந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை பயன் தரவில்லை. மற்றவர்களில் பலருக்குத் தசைப் பயிற்சி உதவியது. 1980இல் சார்லஸ் நீரும் ஃபாஸ்டரும் தளர்ந்த பையை இறுக்கும் அறுவை முறையை அறிமுகப்படுத்தினார்கள். அந்த அறுவையை வகுத்தவர்களே அதை விருப்பமின்றி நழுவும் தோளுக்கு என்றுதான் சொன்னார்கள். 1994இல் ஹூபரும் கெர்பரும் சிறுவயதில் தாமே நழுவவிட்ட 36 தோள்களை நெடுங்காலம் கழித்துப் பார்த்து எழுதிய கட்டுரை, கத்தி வைக்காமல் விட்டாலே இவை பெரும்பாலும் நன்றாகிவிடுகின்றன என்ற முடிவுக்குப் பலம் சேர்த்தது. இடையில் 1990களில் வெப்பத்தால் பையைச் சுருக்கும் நுண்துளை முறை ஒன்று வெகு வேகமாகப் பரவியது. சுருங்கிய பை மறுபடி தளர்ந்தது, சிலருக்குக் குருத்தெலும்பே அழிந்தது, முறை கைவிடப்பட்டது. இன்று லண்டன் ஸ்டான்மோர் மருத்துவமனை வகுத்த முக்கோண வகைப்பாட்டில், அடிபட்ட தோள் ஒரு மூலை, அடியின்றி அமைப்பிலேயே தளர்ந்த தோள் இன்னொரு மூலை, தசைகள் முறைதவறி இழுக்கும் தோள் மூன்றாவது மூலை. மூன்றாவது மூலையில் இருப்பவருக்கு மருந்து தசையைத் திரும்பப் பழக்குவதே. கட்டுக்காரரின் தப்பையானாலும் நிபுணரின் கத்தியானாலும் முதல் மூலைக்கு உரியதை மூன்றாவது மூலைக்குக் கொண்டுபோவது ஒரே தவறுதான்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது கட்டின் பக்கம் நிற்பவர்கள் சொல்வது: கட்டுப் போட்ட பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குத் தோள் நின்றுவிட்டதே! நின்றிருக்கும், அதை மறுக்கவில்லை. வயது ஏற ஏற மூட்டு இறுகும், விளையாட்டாகக் கழற்றும் ஆசை தணியும், கட்டாமல் விட்டாலும் பல தோள்கள் நின்றுவிடும். ஹூபர், கெர்பர் ஆய்வின் பொருளே அதுதான். கட்டு நடுவில் வந்து பெயர் வாங்கிக்கொள்கிறது. கட்டின் கேடு வேறிடத்தில் இருக்கிறது. வாரக்கணக்கில் கையை உடலோடு சேர்த்துக் கட்டினால், ஏற்கெனவே சோம்பியிருந்த சிறு தசைகள் இன்னும் மெலியும். அவிழ்த்த அன்று தோள் முன்னைவிட எளிதாக நழுவும். அது மட்டுமல்ல, கட்டோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை நோயாளியாகிவிடுகிறான். ஊரே விசாரிக்கிறது. வித்தையாகத் தொடங்கியது அவனுடைய அடையாளமாகிப் போகிறது.

இன்னொரு மறுப்பு டாக்டர்களிடமிருந்து வரும். ஓயாத கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது, பார்த்தவுடன் எலும்பு நிபுணரிடம் அனுப்பிவிடுவதே பாதுகாப்பு அல்லவா? பாதுகாப்பு பற்றிய கவலை நியாயம். அதனால் எதை அனுப்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். விழுந்தோ மோதியோ முதல்முறை விலகிய தோள், வலியோடு பூட்டிக்கொண்டு திரும்பாத தோள், மேற்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போன தோள், தூக்க முடியாத கை, இவை அன்றைக்கே போக வேண்டும். வலிப்பு வந்தபின்னோ மின்சாரம் தாக்கியபின்னோ வலிக்கும் தோளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அது பின்புறம் விலகிப் பூட்டியிருந்தும் முன்பக்க எக்ஸ்ரே ஒன்றில் தப்பிவிடக்கூடும். தோல் அளவுக்கு மீறி இழுபடுவது, மிக உயர்ந்து மெலிந்த உடலோடு கண் குறைபாடு, குடும்பத்தில் இளவயது இதயச் சாவு என்று இருந்தால் இணைப்புத் திசு நோயை நினைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு நாலைந்து கேள்வி போதும். எப்போது தொடங்கியது, அடிபட்டதா, நீயாகச் செய்கிறாயா அல்லது கை உயர்த்தும்போது தானாக நடக்கிறதா, வலிக்கிறதா, வேறு யாருக்காவது வீட்டில் இப்படி உண்டா? வகையைச் சொல்லிவிடும் கேள்விகள் இவை. நிபுணரிடம் அனுப்பினால் ஸ்கேன், ஸ்கேனில் ஏதோ ஒரு நிழல், அந்த நிழலுக்கு ஓர் அறுவை என்று சங்கிலி நீள்வதும் உண்டு. தொடக்கத்திலேயே நிறுத்துவது மலிவானது, அதைவிட முக்கியமாக, பிள்ளைக்கு நல்லது.

மூன்றாவது மறுப்பு எனக்கே சங்கடம் தருவது. பிள்ளை தானே செய்கிறான் என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால், வீட்டில் அடி விழும். பாசாங்கு, பள்ளிக்குப் போகாமல் இருக்க நாடகம் என்று பட்டம் கட்டுவார்கள். ரோவின் ஆய்வில் மனநலம் பேசப்பட்டதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, தோளைக் கழற்றும் எல்லோருக்கும் மனக்கோளாறு என்று எழுதியவர்களும் உண்டு. அது அநியாயம். அந்த ஆய்விலேயே பலருக்கு அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒன்றை நண்பர்களிடம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சிலருக்கு முதலில் விருப்பத்தோடு செய்தது பின்னால் விருப்பமின்றியே, பேனா எடுக்கக் கை நீட்டும்போதுகூட நடக்க ஆரம்பிக்கும். அது பழகிப்போன தசையின் வேலை, பிள்ளையின் குற்றமல்ல. ஆகவே டாக்டர் சொல்ல வேண்டியது இதுதான்: உன் மூட்டு இயல்பிலேயே நெகிழ்ச்சி, எதுவும் உடையவில்லை, காட்டுவதை நிறுத்து, பயிற்சி செய். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு நிமிடம் தனியாகப் பேசி, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, வீட்டில் ஏதாவது நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும். துயரம் இருந்தால் அதற்கு உதவி தேட வேண்டும், தோளுக்கு அல்ல. முன்பு அந்த எல்.எம்.பி. டாக்டர் இதைக் கேட்காமலே தெரிந்துவைத்திருப்பார். இன்றைய டாக்டர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சி என்பது கடினமான ஒன்றல்ல. தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தப் பழகுவது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, சுவரில் கை ஊன்றி மெல்லத் தள்ளுவது, கண்ணாடி முன் நின்று நழுவாமல் கையை உயர்த்தக் கற்பது. வலிமையைவிட ஒழுங்குதான் இங்கே தேவை. எந்தத் தசை முந்துகிறது, எது பிந்துகிறது என்று கவனித்துத் திருத்த ஓர் இயன்முறை மருத்துவர் சில முறை பார்த்தாக வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கிரிக்கெட், நீச்சல் எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டியதில்லை. நழுவும் நிலையில் கையைக் கொண்டுபோகும் அசைவை மட்டும் தள்ளிவைத்தால் போதும். தமிழ்நாட்டில் இதற்கான வாய்க்கால் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவதோடு, இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நடமாட முடியாத முதியவர்களை மனத்தில் வைத்து வகுத்தது அது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பதின்வயதுப் பிள்ளையின் தோளுக்கும் அதே கைகள் பயன்பட ஒரு சுற்றறிக்கை போதும் என்பது என் எண்ணம்.

கட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விரல் உடைந்த எலும்பையும் உடையாத எலும்பையும் தொட்டவுடனே பிரித்தறியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அடிபடாத, வீங்காத, வலிக்காத, இரண்டு பக்கமும் ஒரேபோல் நழுவுகிற தோளோடு ஒரு பிள்ளை வந்தால், தப்பையை எடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவையுங்கள். டாக்டர்களே, அந்தப் பிள்ளை வரும்போது ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். பெற்றோரும் பிள்ளையை ஒவ்வொருவரிடமும் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டாம். ஒருமுறை கைபேசியில் படம் பிடித்து, அதை டாக்டரிடம் காட்டினால் போதும்.